அழைப்புக்காரர் மார்சூடியும் அறுபத்தொரு வீடும்

ஜாவாத் தீவிலுள்ள தெகல்வுனியில் தெருத் தலைவர் ஹெந்தார்தோ தம் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டு முடித்த சந்தோஷத்தில், 2023 ஆகஸ்டு ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கந்தூரி விருந்து கொடுத்தார். அழைக்க வேண்டியவை நாற்பத்திரண்டு வீடுகள். மார்சூடி நாற்பத்திரண்டு தடவை அழைத்தார். எண்ணிக்கையில் பிழை இல்லை. பிழை வீட்டில்தான். கோழி வியாபாரி துகிரான் வீட்டை விட்டுவிட்டார். மூங்கில் புதருக்கு அப்பால் இருக்கும் சப்தோனோ வீட்டுக்கு இரண்டு தடவை போயிருந்தார்.

சப்தோனோ மரியாதைக்காரர். முதல் தடவை எழுந்து நின்று, தலை தாழ்த்தி, "வந்துடுறேங்க" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து அதே மனிதர் அதே வாசலில் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னபோது, மறுபடியும் எழுந்து நின்று, இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தலை தாழ்த்தி, "கட்டாயம் வந்துடுறேங்க" என்றார். வந்தவரிடம் 'ஏற்கெனவே சொன்னீர்களே' என்று சொல்வது அவர் வளர்ந்த முறைக்கு ஒத்துவராது.

துகிரான் அப்படி இல்லை. தெகல்வுனியில் கந்தூரிக்கு அழைக்காமல் விடுவது, தெரு நடுவில் நிற்க வைத்துக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவர் சண்டைக்கு வரவில்லை. வேலிக்குப் பின்னால் நின்று தொழுகைச் சத்தத்தைக் கேட்டார், தேங்காய்ப் பாலில் வெந்த கோழியின் வாசனையை முகர்ந்தார், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுவாரம் ஹெந்தார்தோ வீட்டுக்கு அவர் கொடுத்த கோழி அந்த வட்டாரத்திலேயே மூத்த கோழி. மூன்று மணி இருபது நிமிடம் வெந்தும் அது தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பொய்ப்பல் ஒன்று உடைந்த பிறகுதான் ஹெந்தார்தோவுக்கு விஷயம் புரிந்தது.

மார்சூடிக்கு அப்போது எழுபத்துநான்கு வயது. அடையாள அட்டைப்படி எழுபத்தொன்று. 1971 முதல் 2002 வரை முப்பத்தொரு வருடம் சோலோவுக்கும் யோக்யாவுக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பத்துநான்கு பேர் உட்கார்ந்து, முப்பது பேர் நின்றாலும், யார் எங்கே இறங்குவார் என்பதை ஒரு எழுத்துகூடக் குறித்துக்கொள்ளாமல் மனத்தில் வைத்திருப்பார். தூங்குகிறவர்களை இறங்கும் இடத்துக்கு இருநூறு மீட்டருக்கு முன்னால் தட்டி எழுப்புவார். 1988இல் ஒருவர் பஸ் ஏறிப் பாதி வழியில், தாம் எங்கே போகப் புறப்பட்டோம் என்பதே மறந்துபோய்த் திருதிருவென விழித்தார். மார்சூடி அவரைப் பார்த்து, "போன மாசம் தெலாங்குல மச்சினன் வீட்டுக்கு இறங்குனீங்க" என்றார். "அட, அங்கதாங்க!" என்று அந்த மனிதர் இறங்கிப் போனார். உண்மையிலேயே அவர் அங்கேதான் போக இருந்தாரா, அல்லது கண்டக்டர் சொல்லிவிட்டாரே என்று போனாரா என்பது இன்றுவரை தெரியாது.

ஓய்வு பெற்ற மறுவருடமே தெருவின் அழைப்புக்காரர் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறப்பு, சுன்னத்து, புதுவீடு, இறப்பு எதுவானாலும் வீட்டுக்காரர் சார்பில் வீடு வீடாகப் போய் வாயால் சொல்லி அழைக்க வேண்டும். பட்டிக் சட்டை போட்டு, கறுப்புத் தொப்பி வைத்து, வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்னும் பொருளில் "குலா நுவுன்" என்று மூன்று தடவை குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து ஆள் வந்ததும், "இன்னார் அனுப்பி வந்திருக்கேனுங்க. இன்ன கிழமை, இன்ன வேளைக்கு அவங்க வீட்டுல கந்தூரி. வீட்டு ஆம்பளையை அனுப்பிவெச்சு எங்களைப் பெருமைப்படுத்தணும்" என்பார். இருபது வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு கந்தூரி. துகிரான் வீட்டுக்கு முன்னால் ஒரு வீடும் தவறியதில்லை. பஸ் போன பிறகு அவருக்கு மிஞ்சிய கௌரவம் இது ஒன்றுதான். வீட்டில் அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மனைவி துமிராவைக் கேட்டால் தெரியும்.

ஆகையால் ஹெந்தார்தோ புதுப்பல்லோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தபோது மார்சூடி தம் கறுப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பாக் மார்சூடி" என்று ஊர் வழக்கப்படி 'ஐயா' போட்டு ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வயசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல. இனிமே அழைப்பை வாட்ஸப்புல போட்டுடலாம்னு பாக்கறேன். ஒரு தட்டு தட்டுனா எல்லா வீட்டுக்கும் போயிடும்."

"அதுல குலா நுவுன் யாரு சொல்லுவா?"

"கும்பிடுற மாதிரி கை படம் ஒண்ணு இருக்குது. அதைப் போட்டுடலாம்."

"டீ குடுத்தா யாரு குடிப்பா?"

ஹெந்தார்தோவிடம் அதற்குப் படம் இல்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மறைந்த பாக் ரெஜோவின் ஆயிரமாவது நாள் கந்தூரி அக்டோபரில் வருகிறது. ரெஜோ இறந்தது 2021 ஜனவரி 23; ஏழு நாள் கிழமையோடு ஜாவாவின் ஐந்து நாள் சந்தைக் கணக்கையும் சேர்த்தால் சனி வாகே. ஆயிரமாவது நாள் அக்டோபர் 19, வியாழன் போன். இதை மார்சூடி விரல் மடக்கி நாலு நொடியில் சொன்னார். அந்தக் கணக்கெல்லாம் அவருக்கு இன்னும் தண்ணீர்பட்ட பாடு. ரெஜோவின் மனைவி கம்சியா அம்மாள், ஊர் வழக்கில் இபு கம்சியா, அழைப்பு வேலையை ஏற்கெனவே மார்சூடியிடம் சொல்லி வைத்திருந்தார். அறுபத்தொரு வீடுகள். அதற்கு முன்னால், செப்டம்பர் முதியோர் முகாமில் நர்ஸ் ரெத்னானி எல்லோருக்கும் ஞாபகப் பரிசோதனை வைக்கப் போகிறாராம். "அதுல என்ன வருதுன்னு பார்ப்போம் பாக்" என்று சொல்லிவிட்டு ஹெந்தார்தோ எழுந்தார்.

மார்சூடிக்கு அன்று முதல் நிம்மதி இல்லை. ஏனென்றால் துகிரான் விஷயம் தனி விபத்து இல்லை என்பது அவருக்குத் தெரியும். மே மாதத்திலிருந்தே தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. காலையில் எழுந்தால் பத்து மணி வரை உலகம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. மூத்த மகளின் பெயரைச் சொல்லி இளையவளைக் கூப்பிட்டார். அதையாவது எல்லா அப்பாக்களும் செய்வார்கள். ஒருநாள் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு, "தெலாங்கு, தெலாங்கு, இறங்குறவங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

இந்த இக்கட்டில் அவருக்குக் கைகொடுக்க வந்தவர் பைமோ. அதே பஸ்ஸில் கடைசிப் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தவர், இரண்டு வயது மூத்தவர். இருவருக்கும் எதிர் எதிர் வீடு. செப்டம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பைமோ பின்வாசல் வழியாக வந்தார். நல்ல சேதி கொண்டுவரும்போது அவர் முன்வாசலைப் பயன்படுத்துவதில்லை.

"டேய் சூடி, கேள்வித்தாள் அவுட்டாயிடுச்சு."

"என்ன மாஸ் சொல்ற?" என்றார் மார்சூடி. மாஸ் என்றால் அங்கே அண்ணன்.

"நேத்து பக்கத்துத் தெருவுல பரிசோதனை நடந்துச்சு. என் மச்சினிச்சி போயிருந்தா. நர்சம்மா மூணு வார்த்தை சொல்லுது. அப்புறம் வேற பேச்சு பேசி, கடியாரம் போடச் சொல்லி, அஞ்சு நிமிசம் கழிச்சு அந்த மூணையும் திருப்பிக் கேக்குது. இவ்வளவுதான். மாம்பழம், சைக்கிள், விளக்கு."

"சத்தமாப் பேசாதே. புனே கேட்டுடுவா."

புனே, அதாவது பிள்ளைகளின் அம்மாவான துமிரா, சமையலறையிலிருந்து, "மாம்பழம், சைக்கிள், விளக்கு. கேட்டாச்சு. எனக்கும் பரிசோதனை இருக்குதுல்ல" என்றார்.

அடுத்த ஆறு நாளும் அந்த வீட்டில் பாடம் நடந்தது. மார்சூடி குளிக்கும்போது துமிரா கதவைத் தட்டிக் கேட்பார். வாயில் டெம்பே என்னும் சோயா அடை இருக்கும்போது கேட்பார். இத்தனையும் ரகசியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த விடையைத் தெரியாதவரிடமிருந்து மறைப்பது தெகல்வுனியில் திருட்டுக்குச் சமம். துமிரா வலப்பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், பைமோ இடப்பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அறுபது வயதுக்கு மேற்பட்ட இருபத்தேழு பேருக்கும் விடை போய்ச் சேர்ந்தது. வாட்ஸப்பைவிட இது வேகம் என்று மார்சூடி மனத்துக்குள் ஹெந்தார்தோவிடம் சொல்லிக்கொண்டார்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஹெந்தார்தோ வீட்டு முற்றத்தில் முகாம். முதலில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி, பிறகு எடை, பிறகு இரத்த அழுத்தம், பச்சைப்பயறுக் கஞ்சி. கடைசியில் ஒரு மேஜை போட்டு ரெத்னானி உட்கார்ந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். யார் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறினார்கள் என்பதுவரை தெரிந்தவர்.

வரிசையில் மார்சூடி ஏழாவது. அவருக்கு முன்னால் போன ஆறு பேரும் மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

"உட்காருங்க பாக். பிறந்த தேதி?"

"எது வேணும்? அட்டையில இருக்கறதா, எங்கம்மா சொன்னதா?"

"உங்களுக்கு எது ஞாபகம் இருக்குதோ அது."

"ரெண்டும் இருக்குது. அதுதான் கேட்டேன்."

"சரி. இன்னிக்கு என்ன நாள்?"

"சனி போன்."

"தேதி?"

"சனி போன்னாப் போதாதா? அஞ்சு நாள் சந்தையும் ஏழு நாள் கிழமையும் சேர்ந்து வருது. முப்பத்தஞ்சு நாளைக்கு ஒருதடவைதான் அமையும். உங்க தேதி மாசாமாசம் வந்துடும்."

ரெத்னானி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "இப்ப மூணு வார்த்தை சொல்றேன். கவனமாக் கேளுங்க. கோழி, கதவு, மழை. திருப்பிச் சொல்லுங்க."

மார்சூடி திரும்பிப் பைமோவைப் பார்த்தார். பைமோ வானத்தைப் பார்த்தார். "கோழி, கதவு, மழை" என்றார் மார்சூடி. பிறகு கடியாரம் வரையச் சொன்னார்கள். பதினொன்று பத்து காட்ட வேண்டும். அவர் நாலு ஐம்பது போட்டார். "முதல் பஸ் அப்பத்தானே" என்று விளக்கமும் சொன்னார்.

ஐந்து நிமிடம் கழிந்தது.

"பாக், நான் சொன்ன மூணு வார்த்தை?"

கோழி துகிரானை நினைவுபடுத்தியது. துகிரான் உடைந்த பல்லை நினைவுபடுத்தினார். அதற்குள் கதவும் மழையும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டன. மார்சூடி தலையை நிமிர்த்தி, "மாம்பழம், சைக்கிள்..." என்றார்.

"நான் அதைச் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லல. ஆனா அதுதான் சரியான விடை."

"மூணாவது?"

மார்சூடி யோசித்தார். வரிசையில் நின்றிருந்த இருபது பேரின் உதடுகளும் ஒரே வார்த்தைக்குக் குவிந்தன. அவர் மட்டும் பார்க்கவில்லை. "பஸ்" என்றார்.

ரெத்னானி பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "எல்லாரும் கேளுங்க. இதுவரைக்கும் ஏழு பேரு வந்தாங்க. ஏழு பேருக்கும் நான் கோழி, கதவு, மழைன்னுதான் சொன்னேன். ஆறு பேரு மாம்பழம், சைக்கிள், விளக்குன்னு சொல்லிட்டு வெற்றியோட போனாங்க. இது பள்ளிக்கூடப் பரீட்சை இல்ல. ஜெயிச்சா மெடல் இல்ல, தோத்தா பெஞ்சு மேல ஏறவும் வேண்டாம். எங்க உதவி வேணும்னு பாக்கத்தான் வந்திருக்கேன். விடையைச் சொல்லிக் குடுத்தா, உதவி வேண்டியவரை ஒளிச்சு வெக்கறீங்கன்னு அர்த்தம்."

முற்றத்தில் எல்லோரும் தத்தம் கஞ்சிக் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். பிறகு சப்தோனோ எழுந்து, "மன்னிக்கணும். நீங்க கோழின்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா எல்லாரும் மாம்பழம்னு சொல்றப்போ நான் மட்டும் மாத்திச் சொல்றது மரியாதையா இருக்காதுன்னுதான்..." என்று இழுத்தார். அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்சூடி மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் தப்பான விடையையாவது முழுதாகச் சொன்னார்கள். அவருக்கு அதுவும் முழுதாக வரவில்லை. ரெத்னானி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு வாங்க பாக். இபுவையும் கூட்டிட்டு வாங்க. வீட்டுல இருக்கற அத்தனை மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அத்தனையும்."

புதன்கிழமை, செப்டம்பர் பதின்மூன்று. டாக்டர் வுலான் மேஜையில் துமிரா பையைக் கவிழ்த்தார். இரத்த அழுத்த மாத்திரை, வைட்டமின், முழங்கால் தைலம், மூலிகைப் பொடி இரண்டு வகை, என்றோ மருமகன் விட்டுப்போன வயிற்றுவலி மாத்திரை, ஒரு சட்டைப் பொத்தான். கடைசியில், சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகள் நிறைந்த ஜாம் பாட்டில்.

"இது?"

"அரிப்பு மாத்திரைங்க. மார்ச்சு மாசம் கம்பளிப்பூச்சி பட்டுச்சு. கடையில வாங்கிப் போட்டாரு."

"இது செப்டம்பர்."

"அரிப்பு மூணு நாள்ல போயிடுச்சு. ஆனா இதைப் போட்டா நல்லாத் தூக்கம் வருதுன்னு, ராத்திரி ஒண்ணு போட்டாரு. அப்புறம் ரெண்டு. இப்ப மூணு."

டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கினார். "கண்டக்டரா இருந்தவரு, பஸ்ஸுல ஆள் ஏத்தற மாதிரி இத்தனை மாத்திரையை ஏத்திட்டீங்களே பாக். அரிப்புக்கு ரெண்டு நாள் போடுற மாத்திரை இது. வயசானவங்க தினமும் போட்டா தூக்கம் மட்டும் வராது. ஞாபகத்தையும் மங்கலாக்கிடும். காலையில தலையில பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குதா?"

மார்சூடி திகைத்துப் போனார். பஞ்சு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப எனக்கு வியாதி இல்லீங்களா?"

"இன்னிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்திட்டுப் பாக்கணும். இரத்த அழுத்தம் நூத்தி அறுபத்தி நாலு இருக்குது, அதைக் குறைக்கணும். அழுத்தம் ஏறினா மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்தான் முதல்ல அடிபடும். காது, சர்க்கரை, ரத்தம் எல்லாம் பாக்கணும். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பரிசோதனை." டாக்டர் துமிரா பக்கம் திரும்பினார். "இபு, வீட்டுக்கு வர்ற வழியை மறந்திருக்காரா? தொப்பியை எப்படிப் போடறதுன்னு தடுமாறியிருக்காரா?"

"இல்லீங்க. வழியெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாத் தெரியுது. என் பிறந்த நாளைத்தான் மறக்கறாரு. அது கல்யாணம் ஆன வருசத்துல இருந்தே இருக்குது."

"வயசாச்சுன்னா பேரு மெதுவாத்தான் வரும். இறங்குற இடத்தைக் கொஞ்சம் தாண்டிச் சொல்ற கண்டக்டர் மாதிரி. அதுக்குப் பயப்பட வேண்டாம். பஸ்ஸுலதான் இருக்கோமான்னே தெரியலன்னா அன்னிக்கே ஓடி வரணும். தினமும் நடக்கறீங்களா?"

"முழங்கால் வலிக்குதுன்னு ஏப்ரல்ல இருந்து நாற்காலியை விட்டு எழுந்திரிக்கறதே இல்ல" என்றார் துமிரா. "டிவியில சமையல் போட்டி பாத்துக்கிட்டு என் சமையலுக்கு மார்க் போடறாரு."

"நடங்க. ஆளோட பேசிக்கிட்டு நடங்க. புதுசா ஏதாவது கத்துக்குங்க. மறக்கக் கூடாததை எழுதி வெச்சுக்குங்க."

"எழுதறதா?" மார்சூடி முதல் தடவையாக நிமிர்ந்தார். "டாக்டர், கந்தூரி அழைப்பு வாயால போகணும். தாளைப் பார்த்துக் கூப்பிட்டா மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவன் மாதிரி இருக்கும்."

"தாளை நீங்க பாக்க வேண்டாம். வேற யாராவது பாக்கட்டும்" என்றார் டாக்டர்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு ஒன்பது இரவுகள் மார்சூடிக்குத் தூக்கமே வரவில்லை. அந்த ஒன்பது இரவும் துமிராவுக்கும் வரவில்லை. தனியாக விழித்திருக்கும் குணம் மார்சூடிக்கு இல்லை. பத்தாம் நாளிலிருந்து பைமோ விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினார். இருவரும் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவார்கள். போக வர மூன்று கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். வழியெல்லாம், 1994இல் பிராம்பனான் அருகே வெடித்தது முன் டயரா பின் டயரா என்று சண்டை. டாக்டர் சொன்ன பேச்சுத் துணைக்கு இது தாராளமாகப் போதும். புதிதாகக் கற்றுக்கொள்ள கேமலான் என்னும் ஊர் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். காங் என்னும் பெரிய சேகண்டியைக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு தட்டுக்கு ஒருமுறை அடித்தால் போதும். அந்த முப்பத்திரண்டை எண்ணுவதுதான் வேலை. முதல் வாரம் இருபத்தாறிலேயே அடித்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று பாடகி கீழே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வாரம் முப்பத்தொன்றுக்கு வந்தார்.

அக்டோபர் பதினான்காம் தேதி முகாமில் ரெத்னானி புது வார்த்தைகள் சொன்னார். மூன்றில் இரண்டு வந்தது. கடியாரம் பதினொன்று பத்தைக் காட்டியது. ஹெந்தார்தோ பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சிஸ்டர், பாஸா?"

"நான் லைசென்ஸ் குடுக்கறவ இல்ல பாக். முன்னைக்கு இப்பத் தெளிவா இருக்காரு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

ஹெந்தார்தோ யோசித்தார். இபு கம்சியா ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுக்கவும் முடியவில்லை. "சரி பாக் மார்சூடி. இந்தத் தடவை நீங்களே போங்க. ஆனா ஒரு வீடு பிசகினாலும் அடுத்ததுல இருந்து வாட்ஸப்புதான். எனக்கு இன்னொரு பல்லு உடையறதுக்கு வாயில இடம் இல்ல."

புதன்கிழமை, அக்டோபர் பதினெட்டு. காலை ஏழு பத்துக்கு மார்சூடி பட்டிக் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாகப் புறப்பட்டார். மூன்றடி பின்னால் பைமோ, சட்டைப் பையில் அறுபத்தொரு பெயர் எழுதிய தாளும் பென்சிலுமாக.

"பத்தொம்பது வருசம் நான் முன்னால, நீ பின்னால" என்றார் பைமோ. "இப்பப் பாரு."

"பேசாம வா மாஸ். டிரைவரோட பேசக் கூடாதுன்னு எழுதியிருக்குது."

முதல் வீடாகத் துகிரான் வீட்டுக்கே போனார்கள். குலா நுவுன் மூன்று தடவை ஆனது. துகிரான் கைகளில் கோழி இறகோடு வெளியே வந்தார்.

"அடடே. என் வீடு இன்னும் இங்கதான் இருக்குதா? எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நினைச்சேன்."

"பாக் துகிரான், போன தடவை தப்பு என்னோடது. ஹெந்தார்தோ மேல இல்ல. என் தலைதான் விட்டுடுச்சு. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்திருக்கேன். அந்த மஞ்சள் அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க."

துகிரான் எதிர்பார்த்தது சாக்குப்போக்கு. நேர்மையான பதிலுக்கு அவரிடம் கேலி தயாராக இல்லை. கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான். போன வாரம் பண்டத்தைக் குடுத்துட்டுக் கோழியை... இல்ல, கோழியைக் குடுத்துட்டுக் கூண்டை... எதையோ மறந்துட்டு வந்துட்டேன். அந்த மஞ்சள் மாத்திரை நானும் போடறேனே. அதுவாத்தான் இருக்குமா?"

"பையில போட்டுக்கிட்டு புதன்கிழமை போங்க" என்றார் மார்சூடி.

அதன் பிறகு வண்டி ஓட ஆரம்பித்தது. இருபது வீடு, முப்பது வீடு. தாளை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் பைமோ தொண்டையைச் செருமினார். இரண்டு தடவையும் மார்சூடி, "தெரியும், தெரியும், டீ குடிச்சுட்டு வர்ற வழியில போகலாம்னு இருந்தேன்" என்று திரும்பி, விட்ட வீட்டுக்குப் போனார். சப்தோனோ வாசலில் எழுந்து நின்று, "ரெண்டாவது தடவையும் வருவீங்களா, இல்ல இப்பவே ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். மொத்தம் பதினொரு டீ, இரண்டு காப்பி, எண்ண முடியாத வறுத்த டெம்பே. பதினொன்று இருபத்தைந்துக்கு அறுபத்தொன்றாவது பெயரில் பைமோ பென்சிலால் கோடு போட்டார். மார்சூடியின் முழங்கால் அப்போதே சத்தியாக்கிரகத்தில் இருந்தது. ஆனால் முகத்தில், ஐம்பத்துநான்கு பேரையும் இறக்கிவிட்டு யோக்யா நிலையத்தில் நிற்கும் கண்டக்டரின் ஒளி.

திரும்பும்போது குறுக்குச் சந்து வழியாக வந்தார்கள். சந்தின் வளைவில் ஒரு வீட்டின் பின்பக்கம், தென்னங்கீற்றுப் பந்தல் புதிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மார்சூடியின் கால்கள் காலையிலிருந்து ஒரே வேலையைச் செய்து அந்தப் பழக்கத்திலேயே இருந்தன. அவை திரும்பின. பைமோ வாயைத் திறப்பதற்குள், "குலா நுவுன், குலா நுவுன், குலா நுவுன்" முடிந்துவிட்டது.

கத்திகள் நின்றன. பெண்களின் நடுவில் இபு கம்சியா எழுந்தார்.

மார்சூடி தலை தாழ்த்தி, தொண்டையைச் சரிசெய்து, தெளிவான குரலில் சொன்னார்: "இபு கம்சியா அனுப்பி வந்திருக்கேனுங்க. நாளைக்கு வியாழன் போன், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம், பாக் ரெஜோவோட ஆயிரமாவது நாள் கந்தூரி. வீட்டு ஆம்பளையை அனுப்பிவெச்சு எங்களைப் பெருமைப்படுத்தணும்."

ஒரு மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த துமிரா கத்தியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாக்னே!" என்று கணவரைக் கூவி அழைத்தார். "அவங்க வீடே இதுதான்!"

மார்சூடி நிமிர்ந்து பார்த்தார். பந்தல், அடுப்பு, மூங்கில் கூடைகள், இபு கம்சியாவின் முகம். ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. பந்தல் கணக்குப் பார்க்க வந்திருந்த ஹெந்தார்தோ நாற்காலி ஒன்றைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். அவருடைய இன்னொரு கை சட்டைப் பையிலிருந்த தொலைபேசிக்குப் போனது.

"பாத்தீங்களா இபு? நான் அப்பவே சொன்னேன். செத்தவரையே அவரு கந்தூரிக்குக் கூப்பிடறாரு. இதுக்குத்தான் வாட்ஸப்பு..."

இபு கம்சியா கையை உயர்த்தினார். ஹெந்தார்தோ நிறுத்தினார்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா?" என்று அவர் பைமோவைக் கேட்டார்.

"அறுபத்தொண்ணும் ஆச்சுங்க. இது அறுபத்திரண்டாவது."

இபு கம்சியாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயமாக இருக்கலாம். முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு மார்சூடிக்கு முன்னால் வந்து நின்று, வாசலுக்கு வந்த அழைப்புக்காரருக்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே தலை தாழ்த்திச் சொன்னார்: "ரொம்பப் பெருமைங்க. எங்க வீட்டு ஆம்பளை எல்லாருக்கும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருப்பாரு. முதல் வரிசையில. அவரு என்னிக்கும் கந்தூரிக்கு லேட்டாப் போனதில்ல."

முதலில் சிரித்தவர் மார்சூடி. ஆகஸ்டுக்குப் பிறகு தம் மறதியைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு துமிரா சிரித்தார். அப்புறம் யார் யார் என்று கணக்கு வைக்க முடியவில்லை.

சத்தம் அடங்கியதும் இபு கம்சியா ஹெந்தார்தோ பக்கம் திரும்பினார். "ஆயிரம் நாளா இந்தத் தெருவுல எத்தனை கந்தூரி நடந்துச்சு. என் வீட்டுக்காரரைக் கூப்பிடணும்னு ஒருத்தருக்கும் தோணல. உங்க வாட்ஸப்பு கூப்பிடுமா?"

ஹெந்தார்தோ தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியைக் கீழே இறக்கி, மார்சூடியை உட்காரச் சொன்னார்.

"அடுத்த மாசம் என் பேரனுக்குச் சுன்னத்து" என்றார். "நாப்பத்திரண்டு வீடு. ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துடுங்க."

"நாப்பத்தி மூணு" என்றார் பைமோ, பென்சிலை எடுத்துக்கொண்டு. "போன வாரம் புதுசா ஒருத்தர் குடிவந்திருக்காரு. எழுதிக்கறேன்."